கடல் வாங்கிய கதை

என் கணவர் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் வேலை பார்க்கிறார். வண்டலூரைத் தாண்டி, கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எனக்கு வரும் எரிச்சலில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அவருடைய கம்பெனியில் மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு நட்டு போல்ட்டு கூட வாங்க மாட்டார்கள். நல்ல பழக்கம்தான், கம்பெனிக்கு. அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மிக்ஸி போய்விட்டால் குரோம்பேட்டையில் ஒரு கடை, மேற்கு தாம்பரத்தில் ஒரு கடை, ஆன்லைனில் ஒன்று என்று மூன்று விலை கேட்பார். கட்டம் போட்டு எழுதுவார். வாரன்டி, வாட்ஸ், ஜார் எத்தனை என்று நிரப்புவார். பிறகு இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதுவரைக்கும் இட்லிக்குப் பொடிதான். சட்னி கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று தெரிந்து கேட்கவும் மாட்டார்.

டிவிக்குக் கீழே இருக்கும் கேம் பெட்டியும் அப்படி ஆராய்ந்து வந்ததுதான். ஃபுட்பால் விளையாடினால் ஆபீஸ் டென்ஷன் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாங்கினார், விளையாடினார், அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது, டென்ஷன் கூடியது. கொஞ்ச நாளில் அந்தப் பெட்டி சாவிக்கொத்தும் கரண்ட் பில்லும் வைக்கும் இடமாகிவிட்டது.

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒரு கோடை விடுமுறையில், விடைத்தாள் திருத்தியெல்லாம் முடிந்து, சேலையூரில் எங்கள் ஃப்ளாட்டின் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சாவிக்கொத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பெட்டியைப் போட்டேன். ஃபுட்பாலோடு இலவசமாக வேறொரு விளையாட்டும் வந்திருந்தது. ராஜ்ஜியம், மந்திரவாதி, பறக்கும் நாகம், மலைக்கோட்டை. உள்ளே போனதும் முதல் வேலை, நாம் யாராக இருக்கப் போகிறோம் என்று ஓர் உருவம் செய்துகொள்வது. முகம், மூக்கு, தலைமுடி எல்லாமே நம் இஷ்டம். அன்றைய மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. என் வயதையே வைத்தேன். காதோரம் கொஞ்சம் நரை. கையில் வில். மூக்கு எப்படி இருக்க வேண்டும் என்று யாரிடமும் கொட்டேஷன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தும் நான் விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி போட்டுக்கொண்டு, அவருடைய கம்பெனி பஸ் வந்து சேரும் வரைக்கும் வில்லும் கையுமாகக் காட்டில் திரிவேன். ஸ்டாஃப் ரூமில் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரே ஓர் இடத்தில்தான் தொல்லை. அந்த ராஜ்ஜியத்தின் தென்கோடியில் ஒரு துறைமுகம் இருக்கிறது. அங்கே ஒரு படகு நிற்கிறது. படகுக்காரனிடம் போய்ப் பேசினால், "இன்று படகு போகாது" என்பான். என்றைக்குப் போனாலும் அதையேதான் சொல்வான். அவனுக்குப் பின்னால் கடல் விரிந்துகிடக்கும். தூரத்தில் தீவுகள் புகைபோலத் தெரியும். ஊர் ஊராகப் போய் நாகத்தை வீழ்த்தி, ராஜாவையே காப்பாற்றியாகிவிட்டது. இந்தப் படகில் மட்டும் ஏற முடியவில்லை.

காரணம் சாதாரணமானது. இந்த மாதிரி விளையாட்டுகளில் கதை முழுவதையும் ஒரேயடியாகக் கொடுக்க மாட்டார்கள். முக்கியமான கதையைக் கொடுத்துவிட்டு மீதியைத் துண்டு துண்டாகப் பிறகு விற்பார்கள். டிஎல்சி என்று அதற்குப் பெயர். ஃப்ளாட்டை விற்றுவிட்டு கார் பார்க்கிங்குக்குத் தனியாகக் கேட்கும் அதே புத்தி. கடலும் தீவுகளும் ஒரு துண்டு. பாதாள அறைகள் ஒரு துண்டு. குதிரைக்குக் கவசம், கோட்டைக்குள் போடும் சாமான்கள், விதவிதமான உடைகள் என்று சில்லறைத் துண்டுகள் வேறு. எனக்குக் கடல் மட்டும்தான் வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாத் துண்டுகளுக்கும் தள்ளுபடி, ஞாயிறு வரைக்கும்தான் என்று திரையில் வந்தது. என் கார்டை எடுத்து எண்களைப் போட்டேன். ஓடிபியைப் போடச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. அடுத்த நிமிஷம் என் கணவரிடமிருந்து ஃபோன்.

"என்ன வாங்குற நீ?"

"கேம்ல ஒண்ணு. அந்த ஓடிபியைச் சொல்லுங்க."

"கேம்ல என்ன ஒண்ணு? இரு இரு, எதையும் அழுத்தாத. நான் வந்து பாக்கறேன்."

இந்த ஓடிபி விவகாரத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. கணக்கு என்னுடையது. என் சம்பளம் விழும் கணக்கு. ஆனால் அதை ஆரம்பித்தபோது, எங்களுக்குக் கல்யாணமான புதிது, கூட வந்தவர் அவர்தான். மொபைல் நம்பர் என்று கேட்டபோது அவர் தன் நம்பரைச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. அன்றிலிருந்து என் பணம் எங்கே போனாலும் மெசேஜ் அவருக்குத்தான் போகிறது. ஆன்லைனில் நான் ஒரு நைட்டி வாங்க வேண்டுமென்றாலும் அவரைக் கூப்பிட்டு ஓடிபி கேட்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லித்தான் குடும்பம் ஓடியது.

ஊரெல்லாம் ஸ்கேன் செய்துகொண்டிருக்க, என் ஃபோனில் அது வராது, நம்பர் அவருடையதாயிற்றே. நான் மட்டும் கார்டை வைத்துக்கொண்டு அலைவேன். கீரைக்காரம்மா கூட என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். சரி, கார்டைத் தேய்த்துவிட்டாவது நிம்மதியாக வீடு வர முடியுமா என்றால், அதுவும் இல்லை. மெடிக்கலில் தேய்த்துவிட்டுப் படி இறங்குவதற்குள் ஃபோன் அடிக்கும். "ஏன் அந்தக் கடைல வாங்குன? எதிர்க்கடைல டிஸ்கவுன்ட் உண்டே." துணிக்கடையில் தேய்த்தால், "பில்லைச் சரி பாத்தியா?" கோபித்துக்கொண்டு பேசுகிறவரும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்பார். அதுதான் இன்னும் எரிச்சல். சண்டை போடவும் வழி கிடையாது.

நம்பரை மாற்ற வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "அதுக்கு எதுக்கு லீவ் போட்டு பேங்க்ல போய் நிக்கற? நான்தான் உடனே சொல்றேனே" என்பார். உடனே சொல்வதும் உண்மைதான். ஆகவே அது அப்படியே கிடந்தது.

அன்றைக்கு வந்ததும் வராததுமாக ஷூவைக் கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு துண்டாகத் திறந்து பார்த்தார்.

"இது எவ்ளோ நேரம் ஓடும்?"

"எது?"

"இந்தக் கடல். எத்தனை மணி நேரம் விளையாடலாம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் வாங்கவே இல்லையே."

"அதெல்லாம் பாக்காம எப்படிம்மா வாங்கறது?"

சனிக்கிழமை முழுக்க யூடியூபில் ஆட்கள் பேசினார்கள். எல்லாம் இளவட்டங்கள். தலையில் பெரிய ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, எந்தத் துண்டை வாங்கலாம், எது தண்டம் என்று மூச்சுவிடாமல் பேசினார்கள். ஒருவன் கடல்தான் பிரமாதம் என்றான். இன்னொருவன் கடலில் ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர் என்றான். இவர் இரண்டையும் குறித்துக்கொண்டார். நடுவில் நான் இரண்டு தடவை போய், "எனக்குக் கடல்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "அதையும் போட்டிருக்கேன்" என்று கட்டத்தைக் காட்டினார். என் விருப்பம் அதில் ஒரு கட்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் அவள் கணவரும் கேளம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். அவள் கணவர் ஐடியில் இருக்கிறார். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதற்கும் இந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது. அவர் எந்தக் காலத்திலும் கேம் விளையாடியதாக எனக்குத் தெரியாது. ஆனாலும் வெங்காய பஜ்ஜித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மச்சான், எப்பவுமே பண்டில்தான் வொர்த். தனித்தனியா வாங்கினா அவன் நம்ம தலைல மிளகா அரைச்சுடுவான்."

"அதான் நானும் பாத்தேன். இந்தக் கடல் ஒண்ணு வாங்கற காசுக்கு இங்க மூணு வருது."

"மூணா? அப்புறம் என்ன யோசனை?"

"அண்ணி, நீங்க கூட கேம் ஆடுவீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள் நாத்தனார். ஏதோ நான் சிகரெட் பிடிப்பதைக் கண்டுபிடித்தது போலக் கேட்டாள்.

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டு சொன்னேன். "எனக்கு அந்த மூணும் வேணாம். கடல் ஒண்ணு போதும். அங்க ஒரு படகு நிக்குது. அதுல ஏறணும்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனாரின் கணவர் மிக அன்பாகச் சொன்னார், "அது எமோஷனல் டிஸிஷன் சிஸ்டர். வேல்யூ பாக்கணும்."

எனக்கு அந்தக் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் பணம், என் மத்தியானம், என் வில்லாளி. அவள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேளம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்து பஜ்ஜி தின்றுகொண்டு சொல்கிறார். ஆனால் விருந்தாளி. அடுத்த ஈட்டைப் போட உள்ளே போனேன். சமையலறையில் எதையோ தொம்மென்று வைத்தேன் என்பது மட்டும் ஞாபகம்.

நான் அடுப்படியில் இருக்கும்போதே முடித்துவிட்டார்கள். கார்டு எண் ஏற்கெனவே அந்தப் பெட்டியில் இருந்தது. ஓடிபி அவர் சட்டைப்பையில் வந்தது. யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது என் கணவர் முகமெல்லாம் சந்தோஷம்.

"மூணும் வந்துடுச்சு. போட்டுப் பாரு."

கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் நிற்கிறார். அந்த மாதிரி ஆளிடம் கத்தினால் நான்தான் பொல்லாதவள் ஆவேன். அதனால் பஜ்ஜித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து போட்டுப் பார்த்தேன். குதிரைக்குத் தங்கத்தில் கவசம். என் வில்லாளிக்குப் பட்டில் பாவாடை போன்ற ஓர் உடை, அதைப் போட்டால் மரம் ஏற முடியாது. மூன்றாவது, கோட்டைச் சாமான்கள். கோட்டைக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு புதிய கதவு திறந்தது. உள்ளே சமையலறை. கல்லடுப்பு, பெரிய அண்டா, தொங்கவிட்ட கரண்டிகள், வெங்காயச் சரம். நாகத்தை வீழ்த்திய பெண்மணி இனிமேல் சூப் காய்ச்சலாம், குடித்தால் தெம்பு கூடும் என்று கீழே எழுதிக்காட்டியது.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அழுகை வந்தது. ஒரு விளையாட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் விளையாட்டுக்காக இல்லை என்று எனக்கே தெரியும். நாலு பேர் இருக்கும் அறையில் எனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து தெளிவாகச் சொன்னேன். சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. அதற்கப்புறமும் எனக்குக் கிடைத்தது ஓர் அடுப்படி. இதற்கு ஒரு முடிவு கட்டவில்லையென்றால் இனி நான் எதையுமே வேண்டும் என்று சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேங்க் திறந்திருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். அவருக்கு முழு நாள் வேலை. குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். இறங்கும்போது ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்றார்.

"இன்னா மேடம், நோட்டை நீட்டினுகீறீங்க? ஸ்கேன் பண்ணிட்டுப் போங்க."

"என் ஃபோன்ல இல்லைங்க."

"ஃபோன் இவ்ளோ பெர்சா கீது, அதுல இல்லியா? ஒரே பேஜாருமா உங்களோட."

அவருக்கு நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதே பேஜாருக்காகத்தான் அங்கே இறங்கினேன். மீதியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நடந்துவிட்டேன்.

பேங்கில் கூட்டம். என் முறை வந்தபோது கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. நம்பர் மாற்ற வேண்டும் என்றேன். ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"இதுல ஒரு நம்பர் இருக்கே மேடம். அது ஒர்க் ஆகலையா?"

"ஆகுது."

"தொலைஞ்சு போச்சா?"

"இல்ல. அது என் ஹஸ்பெண்ட் நம்பர்."

"சார் நம்பர்தானே? அப்புறம் எதுக்கு மாத்தறீங்க?"

சமூக அறிவியல் ஆசிரியை நான். அடிப்படை உரிமைகளை ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். அதில் எதை இவளிடம் சொல்வது? "ஒரு கடல் வாங்கணும்" என்றா சொல்ல முடியும். "என் அக்கவுண்ட்டுல என் நம்பர் இருக்கட்டுமே" என்றேன். அவள் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். ஆதாரைக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். முடிந்தது என்று நினைத்தபோது சொன்னாள்:

"பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போயிருக்கும் மேடம். அதைச் சொல்லுங்க. அப்பத்தான் புதுசு ஏறும்."

கேட்டதும் எனக்குச் சிரிப்பா, ஆத்திரமா என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கையிலிருந்து விடுபட அவரிடமே ஓடிபி கேட்க வேண்டும். வேறு வழி உண்டா என்றால், கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறோம் என்றாள். மேலே போன கடிதங்களின் கதியை நான் அறிவேன். ஃபோனை எடுத்தேன்.

"என்னங்க, ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க."

"வந்திருக்கு. என்ன வாங்குற? சேல்தான் அன்னைக்கே முடிஞ்சுடுச்சே."

"ஒண்ணும் வாங்கல. பேங்க்ல இருக்கேன். என் நம்பரைப் போடறேன்."

"எதுல?"

"என் அக்கவுண்ட்ல."

"ஏன், என் நம்பர் நல்லாத்தானே இருக்கு? நான் லேட்டாவா சொல்றேன்?"

"லேட் இல்லைங்க. நீங்க சொல்லவே வேணாம்னுதான்."

அந்தப் பக்கம் சரக்கு இறக்கும் வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். கவுன்டர் பெண் மணிக்கட்டைத் தட்டிக்காட்டினாள். நேரம் போய்விட்டது, அந்த ஓடிபி செல்லாது, வேறு அனுப்புகிறேன் என்றாள். எனக்குப் பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார்.

"இன்னொண்ணு வந்துதா?"

"வந்துது."

"சொல்லுங்க."

இவர் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். மூன்று பேரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார் என்றும் நினைத்தேன்.

"அப்போ இனிமே எனக்கு எதுவும் வராதா?"

"வராது."

"சரி" என்றார். பிறகு ஒவ்வோர் எண்ணாக, நான் கவுன்டரில் திருப்பிச் சொல்ல நேரம் கொடுத்து, நிதானமாகச் சொன்னார். கடைசி எண்ணைச் சொன்னதும் ஃபோனை வைத்துவிட்டார்.

அது பதிவாக ஒரு நாள் ஆகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே என் ஃபோனில் பேங்கிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் அவர் பேப்பர் படித்தார். நான் துணி மடித்தேன். அவருக்குக் கோபமா என்று பார்த்தால் கோபம் மாதிரியும் தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டதற்கு, "ம்" என்றார். அந்த "ம்" எனக்கு ஒரு பிடியும் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் வாங்கினேன். முழு விலை. தள்ளுபடி முடிந்து கூடிப்போன விலை. ஓடிபி என் கைக்குள்ளேயே வந்து விழுந்தது. யாரும் ஃபோன் செய்யவில்லை. படகுக்காரனிடம் போனேன். அவன் வேறு வார்த்தை பேசினான். ஏறி உட்கார்ந்தேன். கரை பின்னால் போயிற்று.

அவர் வந்தபோது நான் இன்னும் கடலில்தான் இருந்தேன். பையை வைத்துவிட்டு, எப்போதும் பார்க்கும் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"எனக்கு மெசேஜ் வரல" என்றார். உடனே, "வராதுல்ல" என்று தானே சொல்லிக்கொண்டார்.

விலையைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறார் என்று நானும் தயாராகவே இருந்தேன். பதில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் வேறு எங்கேயோ போனார்.

"நீ ஸ்டேஷன் பக்கத்து பேக்கரில டீ குடிச்சுட்டு கார்டைத் தேய்ச்சா எனக்கு மெசேஜ் வரும். சரி, ட்ரெயின் ஏறப்போறான்னு தெரியும். மழை நாள்ல அது வர்ற வரைக்கும் பஸ்ல கண்ணு மூட மாட்டேன். இன்னைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன். வரல. கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் அப்படி ஒரு கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் பேங்க் மெசேஜில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஃபோனில் கேட்டதெல்லாம் டிஸ்கவுன்ட். கிளம்பிட்டியா, ஏறிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. நான் கண்காணிப்பு என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். அவர் அதைத் தன் கவலையைத் தீர்க்கும் வழியாக வைத்திருந்தார். நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் மனது இளகியது. நல்லவேளை, ஒரு கணம்தான்.

"அதுக்கு ஏங்க பேங்க் சொல்லணும்? என்னைக் கேளுங்க. கேட்டா நான் சொல்லப்போறேன்."

அவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். ஊரில் உள்ள சப்ளையர்களையெல்லாம் பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவருகிற மனுஷனுக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

"சரி. இப்ப எங்க இருக்க?"

"கடல்ல. நடுக்கடல்ல."

"ஒண்ணுமே இல்ல, வெறும் தண்ணிதான்னு ஒருத்தன் சொன்னானே."

"பொய். வந்து பாருங்க."

எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தீவு தெரிய ஆரம்பித்திருந்தது. அதைக் காட்டி, அங்கே என்ன இருக்கும் என்று கேட்டார். தெரியாது, போனால்தான் தெரியும் என்றேன். போ என்றார். ஒருவரையும் கேட்காமல் நான் படகைத் திருப்பினேன்.